கோழிக்கூட்டில் அரசாங்கத்து நிலம்

பொலிகார்ப்போ தன் உயிரை ஒரு தொப்பியின் மேல் வைத்திருந்தார். காக்கித் தொப்பி. முன்பக்கத்தில் ஏரியின் படமும் அதற்குக் கீழே நீர் அலுவலகத்தின் பெயரும் நூலால் தைத்திருக்கும். இருபத்திரண்டு வருஷ வெயிலில் ஏரி வெளுத்துப்போய்விட்டது. பெயரில் பாதியைக் கரப்பான் தின்றுவிட்டது. இருந்தாலும் அது அரசாங்கத் தொப்பி. குவாத்தமாலா வரைபடத்தில் எங்கள் சான் ஒனோப்ரேயைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். போலீஸ்காரர் வேண்டுமென்றால்கூட அக்கரையிலிருந்து படகேறித்தான் வர வேண்டும். அப்பேர்ப்பட்ட ஊரில் அரசாங்கம் என்று ஒன்று இருந்ததென்றால் அது பொலிகார்ப்போவின் தலையில்தான் உட்கார்ந்திருந்தது.

அவர் உத்தியோகம் ரொம்ப சுருக்கம். காலை ஆறு மணிக்கு ஏரிக்குப் போவார். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு கம்பு தண்ணீரில் நிற்கும். தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று குனிந்து பார்ப்பார். நோட்டில் எழுதுவார். மாசக் கடைசியில் அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதித் தலைநகரத்துக்குத் தபாலில் போடுவார். தீர்ந்தது. இதை ஒரு வேலை என்று ஒத்துக்கொள்ள அவர் மனைவி பெர்ஃபெக்தாவுக்கு மனசே வரவில்லை.

"தண்ணி இருக்கா இல்லையான்னு பாக்குறதுக்கு ஒரு ஆளா? நானுந்தான் தினம் குடத்த எடுத்துக்கிட்டுப் போறேன். எனக்கு எவன் தொப்பி குடுத்தான்?"

"நீ பாக்குறது தண்ணி. நான் பாக்குறது அளவு."

"சரி, வரும்போது அந்த அளவுல ரெண்டு குடம் தூக்கிட்டு வாங்க."

தூக்கிக்கொண்டுதான் வந்தார். ஆனால் தொப்பியோடு தண்ணீர் சுமந்தால் அலுவலகத்துக்கு மரியாதைக் குறைவு என்று, தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு சுமப்பார். மகள் கல்யாணத்தன்று பாதிரியாரைக் காக்க வைத்துவிட்டுக் கம்பைப் பார்க்கப் போனார். குளிர்காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த அந்த ஒரு வாரமும் மச்சான் நிக்கோமேதெஸ் முதுகில் ஏறிக்கொண்டு போனார். நிக்கோமேதெஸ் பெர்ஃபெக்தாவின் தம்பி. படகோட்டி. ஊரில் யாரை வேண்டுமானாலும் கிண்டல் பண்ணுகிற வாய். "வயசானா ஜனங்க கழுதை வாங்குவாங்க, எங்க மச்சானுக்கு நான் இருக்கேன்" என்று கரையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். எது எப்படியோ, இருபத்திரண்டு வருஷத்தில் நோட்டில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மனுஷனுக்கு அப்படி ஒரு பெருமை.

ஏரியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மனுஷனைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் இங்கே ஏரியே கிடையாது, மலைதான். அந்த மலை ஒரு நாள் வெடித்து, தன் தலையைத் தானே எறிந்துவிட்டு, நடுவில் பெரிய குழியாக உட்கார்ந்துவிட்டது. குழியில் மழை நிறைந்து ஏரியானது. அப்புறம் சும்மா இருக்க முடியாமல் ஓரத்தில் மூன்று எரிமலைகள் முளைத்தன. ஏரிக்குள் இரண்டு ஆறுகள் வந்து விழுகின்றன. வெளியே போக ஒரு வாய்க்கால்கூடக் கிடையாது. தண்ணீர் அடியில் உள்ள விரிசல் வழியாக எங்கேயோ போகிறது. எங்கே என்று பார்த்துவிட்டு வந்து சொன்னவர் யாருமில்லை. அதனால் ஏரி தன் இஷ்டத்துக்கு ஏறும், இறங்கும். தொடர்ந்து மழை பெய்தால் நாலைந்து வருஷம் ஏறிக்கொண்டே போய் வெங்காயப் பாத்தியை விழுங்கும். பூமி ஒரு குலுக்கு குலுக்கினால் அடி விரிசல் அகன்று, மடமடவென்று இறங்கும். மத்தியானமானால் தெற்கேயிருந்து ஷொகொமில் காற்று வந்து தண்ணீரைப் புரட்டிப் போடும். அதற்குப் பிறகு ஏரியில் படகு விடுகிறவனுக்கு ஒன்று பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவன் சுற்றுலாப் பயணியாக இருக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு இதெல்லாம் புரியாது. எங்கள் அப்பன்மார் காலத்தில், சுற்றுலா வருகிறவர்கள் தூண்டில் போட்டு விளையாடட்டும் என்று, எங்கிருந்தோ பெரிய வாய் வைத்த மீனைக் கொண்டுவந்து ஏரியில் விட்டார்கள். அது எங்கள் பொடி மீன்களைத் தின்றது, நண்டைத் தின்றது, அதுவும் போதாமல் கோரைக்குள் கூடு கட்டியிருந்த முக்குளிப்பானின் குஞ்சுகளையும் தின்றது. பாவம், அந்தப் பறவைக்குப் பறக்கத் தெரியாது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இந்த ஏரியில் மட்டும்தான் இருந்தது. இப்போது இங்கேயும் இல்லை. நினைத்தால் வயிறு எரிகிறது. போகட்டும், கதைக்கு வருகிறேன்.

கோரைதான் இங்கே முக்கியம். கரையோரம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தண்ணீருக்குள் ஒரு கோரைப்பத்தை உண்டு. அறுத்துக் காயவைத்துப் பாய் முடைவோம். கோரைக்குத் தண்ணீர் இடுப்பளவு இருக்க வேண்டும். கூடினால் அழுகும், குறைந்தால் காயும். ஆகவே ஏரி ஏறினால் கோரையைப் பிடுங்கி மேலே நடுவோம். இறங்கினால் பிடுங்கிக் கீழே நடுவோம். பழைய இடத்தின் மூலையில் குடும்ப அடையாளம் கொத்திய ஒரு கல்லை ஊன்றிவிட்டுத்தான் நகர்வோம். ஏனென்றால் அந்த இடமும் நம்முடையதுதான். ஏரி என்றைக்காவது திரும்பி வரும், அப்போது யாரும் வந்து உரிமை கொண்டாடக்கூடாது பாருங்கள். இந்தக் கற்கள் மலையில் காப்பிச் செடிக்குள்ளும் கிடக்கும், ஆறு ஆள் ஆழத் தண்ணீருக்குள்ளும் கிடக்கும். அவற்றை அசைக்கிறவனைக் கல்யாண வீட்டுக்குக்கூடக் கூப்பிட மாட்டோம். உயிரோடிருக்கிற ஒருவர்கூடப் பார்த்திராத ஒரு கல்லுக்காக மூன்று தலைமுறையாகப் பேசாமல் இருக்கிற இரண்டு குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய மீசை வைத்த எஞ்சினியர் ஒருவர் வந்தார். பொலிகார்ப்போவின் கோரைப்பத்தைக்குப் பக்கத்தில் கம்பை நட்டார். தொப்பியைக் கொடுத்தார். எண்களைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். மத்தியானக் காற்று எழுவதற்குள் கிளம்ப வேண்டுமே என்ற அவசரத்தில், படகில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு கடைசியாக ஒன்று சொன்னார்.

"கம்பு எப்பவும் தண்ணிக்குள்ளயே நிக்கணும். புரியுதா? கரையில நின்னா பிரயோஜனமே இல்ல."

"நீங்க கவலையே படாதீங்க ஐயா. நான் பாத்துக்கறேன்" என்றார் பொலிகார்ப்போ. மீசை எஞ்சினியர் அதற்குப் பிறகு வரவேயில்லை.

பொலிகார்ப்போ பார்த்துக்கொண்டார். தண்ணீர் இறங்கிக் கம்பு முழங்காலளவுக்கு வந்தால், கம்பைப் பிடுங்கி இடுப்பளவில் நட்டார். தண்ணீர் ஏறி மார்பளவுக்குப் போனால், பிடுங்கி மேலே இடுப்பளவில் நட்டார். கோரைக்குச் செய்கிற மரியாதையை அரசாங்கத்துக் கம்புக்குச் செய்யாமல் விடலாமா? ஒற்றை ஆளாகப் பிடுங்க முடியாது என்பதால் நிக்கோமேதெஸைக் கூப்பிட்டுக்கொள்வார். எழுத வேண்டிய எண்ணைப் பொய் சொல்லாமல் எழுதினார். எண்பது, எண்பத்திரண்டு, எழுபத்தெட்டு. இருபத்திரண்டு வருஷமும் இடுப்பைச் சுற்றியே.

அது மட்டுமில்லை. கம்பை நகர்த்தும்போதெல்லாம் பழைய இடத்தில் முறைப்படி ஒரு கல்லை ஊன்றினார். அரசாங்கத்துக்கு ஓர் அடையாளம் வேண்டுமே என்று ஒரு வட்டத்துக்குள் தொப்பி மாதிரி ஒன்றைக் கொத்தி, கம்பைப் பிடுங்கிய நாளையும் கீழே உளியால் கொத்தினார். அரசாங்கத்து நிலத்தைக் கண்டவன் வளைத்துப்போடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? அப்படி மொத்தம் நாற்பத்தொரு கல். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் விடாமல் மழை பெய்த வருஷம் ஏரி அவர் வீட்டு முற்றத்துக்கே வந்தது. கம்பும் கூடவே வந்து கோழிக்கூட்டுக்குள் நின்றது. தண்ணீர் இறங்கியபோது கம்பு இறங்கிப் போய்விட்டது. கல் கோழிக்கூட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அன்றைக்குப் பிடித்தது வீட்டில் சனி. முட்டை எடுக்கப் போகிறபோதெல்லாம் பெர்ஃபெக்தாவின் கால் கட்டைவிரல் அதில்தான் இடிக்கும்.

"ஐயோ அம்மா! இந்தக் கருமத்தைத் தூக்கித் தூரப் போடுங்களேன்!"

"தொடாத! அது அரசாங்கத்து இடம்."

"கோழிக்கூட்டுக்குள்ள என்னய்யா அரசாங்கம்? என் சேவல் அதும்மேல உக்காந்து தினம் பீய்ச்சுது. அதுக்கு வரி போடுவாங்களா?"

"அது சேவலுக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள விவகாரம். நமக்கெதுக்கு?"

பன்னிரண்டு வருஷம் இதே சண்டை.

இப்படியிருக்கையில் எங்கள் ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. எத்தனையோ வருஷமாக மனு எழுதி, எழுதிக் கொடுக்கிறவருக்கே கை சலித்துப் போயிருந்தது. படகு படகாகச் சிமெண்ட் மூட்டை வந்து இறங்கியதும் ஊரே கரைக்கு ஓடியது. ஓடியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பள்ளிக்கூடம் கட்ட வந்திருந்த அதிகாரி சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த இடம் ஏரிக்கரை மணல். தண்ணீருக்கும் கோட்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு எட்டுத்தான்.

"இங்கயா?" என்றாள் பெர்ஃபெக்தா. "பிள்ளைங்களுக்குப் பாடமா, நீச்சலா?"

அதிகாரி நல்ல மனுஷன்தான். ஆனால் கையில் காகிதம் இருந்துவிட்டால் கண்ணில் எதுவும் படாத ரகம். "அம்மா, உங்க ஏரி ஒரு முழத்துக்கு மேல ஏறாது, இறங்காது. ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. அளவெடுத்துக் குடுத்ததே உங்க ஊர் ஆள்தான்."

ஊர் மொத்தமும் திரும்பிப் பொலிகார்ப்போவைப் பார்த்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பெருமையாகத்தான் சரிசெய்துகொண்டார். இன்னும் புரியவில்லை அவருக்கு.

அந்த ஆராய்ச்சியை எழுதியவரும் அன்று வந்திருந்தார். டாக்டர் ஒதிலியா. மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, படித்துப் படித்து டாக்டரானவர். ஏரியைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியிருந்தார். ஏரியை நேரில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. படகில் வரும்போதே இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தார். கரையில் இறங்கியதும் நேராகப் பொலிகார்ப்போவிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா தோன் பொலிகார்ப்போ? உங்க எண்கள் இல்லேன்னா என் புத்தகமே இல்லை. இருபத்திரண்டு வருஷம், ஒரு நாள்கூட விடல. நாட்டுலயே இப்படி ஒரு ஆள் கிடையாது."

'தோன்' என்று ஊர்ப் பெரியவரைக் கூப்பிடுகிற மரியாதையில் கூப்பிட்டதும் பெர்ஃபெக்தா வாயைப் பிளந்தாள். பொலிகார்ப்போவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப சந்தோஷம் டாக்டரம்மா. ஒரே ஒரு விஷயம். பள்ளிக்கூடத்த மட்டும் இங்க கட்டாதீங்க. முங்கிரும். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி தண்ணி என் கோழிக்கூட்டுக்கு வந்துச்சு." மேலே சரிவில் இருந்த தன் வீட்டைக் கைகாட்டினார்.

டாக்டரம்மா அண்ணாந்து பார்த்தார். மூன்று ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது வீடு. "அப்படி இருக்க முடியாதே. அந்த வருஷம் நீங்க எழுதினது எண்பத்தி மூணு. இந்த வருஷமும் எண்பத்தி மூணுதான்."

"ஆமா. எழுதினது சரிதான்."

"அப்ப தண்ணி மேல வரல?"

"வந்துச்சே. கோழியெல்லாம் கூரையில உக்காந்திருந்துச்சு."

"ரெண்டும் எப்படிங்க சரியா இருக்கும்?"

"ரெண்டும் சரிதான் டாக்டரம்மா. ஏரி மேல வந்துச்சு. அளவு எண்பத்தி மூணு."

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். "சரி, வேற ஒண்ணு கேக்கறேன். நாப்பத்தோரு தடவ ஒரே நாள்ல அளவு திடீர்னு மாறியிருக்கு. ஏரிக்கு அடியில ஒரு பெரிய குழாய் மாதிரி பாதை இருக்கு, அது நிறைஞ்சதும் மளக்குன்னு தண்ணியக் குடிக்குதுன்னு எழுதியிருக்கேன். ஆனா ஒண்ணு மட்டும் புரியல. நாப்பத்தோரு தடவையும் செவ்வாய்க்கிழமை. உலகத்துல எந்த ஏரியும் கிழமை பாத்துத் தண்ணி குடிக்காது. அதுக்கு மட்டுமே நான் அறுபது பக்கம் எழுதியிருக்கேன்."

கூட்டம் யோசித்தது. கடைசியில் நிக்கோமேதெஸ்தான் வாயைத் திறந்தான்.

"செவ்வாக்கெழமதானே எனக்குப் படகு முறை கிடையாது."

"அதுக்கும் ஏரிக்கும் என்ன?"

"மச்சான் கம்பு நட வரச் சொன்னா அன்னைக்குத்தான் வர முடியும்."

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்தார் பொலிகார்ப்போ. விளக்கினால் போகிறது. மைத்துனனைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். "இப்படிப் பிடிச்சு, இப்படி ஆட்டி…" இருவருமாக ஒரு மூச்சுப் பிடித்து இழுக்க, சேறு உறிஞ்சும் சத்தத்தோடு கம்பு கையோடு வந்தது. இருபத்திரண்டு வருஷ ஆராய்ச்சியை இரண்டு பேரும் தோளில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாகத் திரும்பினார்கள். "…வேற எடத்துல இடுப்பளவுல நட்டுருவோம். கம்பு ஒரு நாளும் காஞ்சதில்ல டாக்டரம்மா. ஐயா சொல்லிட்டுப் போன மாதிரியே வெச்சிருக்கேன்."

டாக்டரம்மா சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கரையில் யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள். அப்புறம் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பொலிகார்ப்போவும் கொஞ்சம் சிரித்தார், எதற்கு என்று தெரியாமல். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்படின்னா இருபத்திரண்டு வருஷமும் குப்பையா?" என்றார் அவர்.

அப்போதுதான் பொலிகார்ப்போவுக்குப் புரிந்தது. முகம் அப்படியே விழுந்துவிட்டது. கம்பைத் தோளிலிருந்து இறக்கி மணலில் படுக்க வைத்தார்.

"குப்பைன்னா குப்பைதான். ஆனா பள்ளிக்கூடம் இங்க வேணாம் ஐயா. முங்கிரும்."

"உங்க வாய்ச்சொல்ல வெச்சு நான் இடத்த மாத்த முடியாது. தண்ணி எப்ப எங்க வந்துச்சுன்னு எழுத்துல காட்டணும். வெள்ளிக்கிழமை கடைக்கால் போடறோம். அதுக்குள்ள காட்டுங்க, மாத்தறேன். இல்லேன்னா இங்கதான்."

அன்று புதன்கிழமை. எழுத்து என்று ஊரில் இருந்ததெல்லாம் அந்த நோட்டுகள்தான். அவற்றில்தான் ஏரி அசையவே இல்லையே.

மத்தியானம் ஷொகொமில் எழுந்துவிட்டது. படகு கிடையாது. டாக்டரம்மா எங்கே போவார்? பெர்ஃபெக்தா கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, நண்டுச் சாறும் சோள ரொட்டியும் வைத்தாள். பொலிகார்ப்போ ஒரு வாய் சாப்பிடவில்லை. தொப்பியைக் கழற்றி மேசைமேல் டாக்டரம்மா பக்கம் நகர்த்தினார்.

"இதக் கொண்டு போயிருங்க. உங்க புத்தகத்தயும் கெடுத்தேன், ஊர் பிள்ளைங்களயும் கெடுத்தேன். தினம் எந்திரிச்சுப் போனதுக்குப் பதிலா நான் பேசாம தூங்கியிருக்கலாம்."

"எனக்கு எதுக்கு? நாளைக்கு என் வேலையே இருக்காது" என்றார் டாக்டரம்மா சாற்றைப் பார்த்துக்கொண்டே.

தொப்பி நடுவில் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. பெர்ஃபெக்தாவுக்குப் புருஷனின் அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் வாய் ஓயாமல் திட்டியவள், இப்போது அவருக்கு ஒரு முட்டை பொரிக்கலாம் என்று கோழிக்கூட்டுக்குப் போனாள். போன வேகத்தில் அலறல் கேட்டது.

"ஐயோ என் விரலு! இந்தக் கல்லயாவது இப்ப எடுத்துத் தொலைக்கலாமில்ல? அரசாங்கமே உங்கள விட்டுட்டுப் போயிருச்சே!"

"தொடாத!" பொலிகார்ப்போ இருந்த இடத்திலிருந்தே கத்தினார். தொப்பி போனாலும் பழக்கம் போகவில்லை. "என்ன விட்டாலும் அது அரசாங்கத்து இடந்தான்!"

டாக்டரம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன கல்லு?"

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா, எல்லைக்கல்லு. கம்ப நகத்தும்போது பழைய எடத்துல ஊன்றது. நம்ம ஊர் வழக்கம்."

"எல்லாத் தடவையுமா?"

"வழக்கத்த விட முடியுமா? நாப்பத்தொண்ணு."

டாக்டரம்மா எழுந்து ஓடினார். படித்த பெண்ணொருத்தி எங்கள் ஊர்க் கோழிக்கூட்டுக்குள் மண்டியிட்டுத் தவழ்ந்து போனது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. சேவல் அவர் தலையில் கொத்தியது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தாவணித் துண்டு மாதிரி ஒன்றைக் கழுத்தில் சுற்றியிருந்தார், பட்டு. அதை அவிழ்த்துச் சேவலின் பன்னிரண்டு வருஷத்துக் காணிக்கையை அழுத்தித் துடைத்தார். வட்டம் தெரிந்தது. வட்டத்துக்குள் தொப்பி தெரிந்தது. கீழே நாள், மாசம், வருஷம்.

உள்ளேயிருந்து விசும்பல் கேட்டது. பெர்ஃபெக்தா பயந்துபோய், "சேவல் கண்ணுல கொத்திருச்சா தாயி?" என்றாள்.

"செவ்வாய்க்கிழமை" என்றார் டாக்டரம்மா. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "அம்மா, இது என் புத்தகத்துல இருக்கிற செவ்வாய்க்கிழமை!"

மறுநாள் காலையில் ஊரே கல் பொறுக்கக் கிளம்பியது. பொறுக்க என்றால் தொட அல்ல, பார்க்க. கல்லைத் தொட்டால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதிகாரியின் ஆட்களிடம் மட்டம் பார்க்கிற கருவி இருந்தது. முக்காலியில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்களே, அது. பொலிகார்ப்போ முன்னால் நடந்தார். நாற்பத்தொரு இடமும் அவருக்கு மனப்பாடம். ஒன்று காப்பிச் செடிக்கு அடியில். ஒன்று பக்கத்து வீட்டுப் பன்றித் தொழுவத்தில், பன்றி முதுகு சொறிந்து சொறிந்து ஒரு பக்கம் வழுவழுவென்று ஆகியிருந்தது. ஒன்று துணி துவைக்கிற பாறைகளுக்கு நடுவே. டாக்டரம்மா ஒவ்வொன்றின் நாளையும் உயரத்தையும் எழுதிக்கொண்டு ஓடினார். காலில் செருப்புகூட இல்லை.

முப்பத்திரண்டு கல் தரையில் கிடைத்தது. மீதி ஒன்பது தண்ணீருக்குள். மத்தியானக் காற்றுக்கு முன்னால் முடித்தாக வேண்டும். நிக்கோமேதெஸ் படகை எடுத்தான். பொலிகார்ப்போ "இங்க" என்று கைகாட்டிய இடத்தில் குதித்தான். மூச்சடக்கி அடியில் தடவிப் பார்த்துவிட்டு, தலையை வெளியே நீட்டி நாளைக் கத்தினான். டாக்டரம்மா ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டே எழுதினார். ஆழத்தைக் கயிறு விட்டு அளந்தார்கள். எட்டுக் கல் ஆயிற்று. ஒன்பதாவது இடத்தில் நிக்கோமேதெஸ் குதிக்கவில்லை. படகு விளிம்பில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தான்.

"குதிடா."

"மச்சான்… அங்க இல்ல."

"என்னது இல்லயா? உன்ன வெச்சுத்தானே ஊன்றினேன்?"

நிக்கோமேதெஸ் படகின் முன்பக்கத்தைப் பார்த்தான். அங்கே நங்கூரக் கல் கயிற்றில் கட்டிக் கிடந்தது. அதில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் தொப்பி.

பொலிகார்ப்போவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "அடப்பாவி! அரசாங்கத்து நிலத்தையே நங்கூரமாப் போட்டு ஓட்டுறியா? எத்தன வருஷமா?"

"ஏழு… எட்டு. நல்ல கல்லு மச்சான், காத்துல நகரவே மாட்டேங்குது."

"உன் அக்காவுக்குத் தெரிஞ்சா இந்த ஏரியிலயே முக்கிருவா!"

"நாப்பது போதும்!" டாக்டரம்மா நடுவில் புகுந்தார். "நாப்பது தாராளமா போதும். சண்டைய நிறுத்துங்க, காத்து வருது!"

கரைக்கு வந்து சேரும்போது அலை எழுந்துவிட்டது. டாக்டரம்மா சிமெண்ட் மூட்டைகள் மேல் ஒரு பெரிய தாளை விரித்தார். காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் நாலு பேர் உட்கார்ந்தார்கள். கல்லின் உயரம், கல்லின் நாள், அதற்குப் பக்கத்தில் நோட்டில் அன்றைக்கு எழுதிய எண். மூன்றையும் சேர்த்துச் சேர்த்துப் புள்ளி வைத்தார். புள்ளிகளை இணைத்தார். தாளில் ஏரி மெதுவாக இறங்கியது, ஏறியது, மழை வருஷத்தில் ஒரே தாவாகத் தாவியது, அப்புறம் மறுபடி இறங்கியது. இருபத்திரண்டு வருஷமும் நாங்கள் கண்ணால் பார்த்தது அப்படியே.

"அதிகாரி சார், இங்க பாருங்க. உங்க சுண்ணாம்புக் கோடு இது. தண்ணி வந்த இடம் இது. உங்க கூரைக்கு மேல மீன் ஓடும்."

அதிகாரி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். கையில் காகிதம் வந்துவிட்டதால் இப்போது கண்ணும் தெரிந்தது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடம் கோழிக்கூட்டுக் கல்லுக்கும் மேலே, சரிவின் உச்சியில் இருக்கிற சமநிலத்துக்குப் போனது.

டாக்டரம்மா தன் புத்தகத்தை எடுத்து, அந்த அறுபது பக்கத்தையும் பிய்த்துப் பெர்ஃபெக்தாவிடம் கொடுத்தார். "அடுப்புக்கு வெச்சுக்கங்க." பிறகு பொலிகார்ப்போ பக்கம் திரும்பினார். "ஒண்ணும் குப்பையில்ல தோன் பொலிகார்ப்போ. எல்லா நாளும் இருக்கு. பாதி நோட்டுல இருந்துச்சு, பாதி கல்லுல இருந்துச்சு. நான்தான் வீட்டவிட்டு வந்து பாக்கல."

மேசையில் கிடந்த தொப்பியைப் பெர்ஃபெக்தா காலையிலேயே கையோடு கொண்டுவந்திருந்தாள் போலிருக்கிறது. இடுப்பிலிருந்து எடுத்து, தூசி தட்டி, புருஷன் தலையில் வைத்தாள். பொலிகார்ப்போ எல்லார் முன்னாலும் அழுதார். நிக்கோமேதெஸ்கூடக் கிண்டல் பண்ணவில்லை. நங்கூரக் கல் விஷயம் அக்கா காதுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று பயந்துகொண்டிருந்தான்.

கம்பை மறுபடி நட்டார்கள். இந்தத் தடவை அடியில் சிமெண்ட் போட்டு. டாக்டரம்மா சத்தியம் வாங்கிக்கொண்டார்: இனி என்ன ஆனாலும் நகர்த்தக்கூடாது. தண்ணீர் விட்டுப் போனால், விட்டுப் போய்விட்டது என்று எழுதினால் போதும். பொலிகார்ப்போ சத்தியம் செய்து கொடுத்தார். ஆனால் தண்ணீர் இறங்கிக் கம்பின் கால் வெளியே தெரிகிற நாளில் அவரால் தாங்க முடியாது என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்தது.

அடுத்த வாரம் மேலே சிமெண்ட் சுமக்கப் பாதை வெட்டினார்கள். பாதை பொலிகார்ப்போவின் முற்றத்தின் வழியாகத்தான் போக வேண்டும். கோழிக்கூட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும் என்று அதிகாரி கேட்டதற்குப் பெர்ஃபெக்தா தாராளமாகச் சம்மதித்தாள். பள்ளிக்கூடமாயிற்றே. காலை ஆறு மணிக்குக் கூலியாட்கள் இரண்டு பேர் வந்து கூட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். நடுவில் கல் தனியாக நின்றது. ஒருத்தன் கடப்பாரையை அதன் அடியில் கொடுத்தான்.

பொலிகார்ப்போ அப்போது கீழே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்தொன்று. நோட்டைத் திறந்தார். அப்போது மேலே முற்றத்திலிருந்து அவர் பெண்டாட்டியின் குரல் ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

"கைய எடுடா! கடப்பாரைய எடு மொதல்ல! கண்ணு தெரியல உனக்கு? அது அரசாங்கத்து இடம்!"